பூத்தையல் நூலும் நாம் அதைப் பேணிய விதமும்

எமது சங்கத்தின் நூறு ஆண்டுகளில் எழுத வேண்டியவற்றுக்கெல்லாம் இந்த மலரில் ஆள் இருக்கிறார்கள். அதிபர்கள், விடுதி, வலைப்பந்து, பரிசளிப்பு விழா என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் பொறுப்பெடுத்துவிட்டார்கள். தையலறைக்கு மாத்திரம் ஒருவரும் வரவில்லை. காரணம் விளங்கக்கூடியதுதான். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது தையலறையின் இரண்டு அலுமாரிகளும் இருக்கவில்லை. மாதிரித் துணிகளும், கண்காட்சிக்கென்று வருடக்கணக்காகச் சேர்த்த மேசைவிரிப்புகளும், ரீச்சர்மார் எழுதிவைத்த இடாப்புகளும் அவற்றோடு போயின. பாடசாலையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. மிஞ்சியது வீடுகளில், அம்மாமாரினதும் பெரியம்மாமாரினதும் நூற்பேணிகளுக்குள் இருக்கிறது.

சென்ற ஆண்டு எமது வகுப்பினர் சிலர் அந்தப் பேணிகளைத் திறந்து படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பினோம். யாழ்ப்பாணத்திலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் ஸ்காபுறோவிலிருந்தும் படங்கள் வந்தன. சிலரது வீட்டில் மலிபன் பிஸ்கற் பேணி, சிலரது வீட்டில் ஹோர்லிக்ஸ் போத்தல், ஒரு வீட்டில் சார்வோலையில் இழைத்த மூடற்பெட்டி. வெளிநாட்டில் என்றால் டென்மார்க்கின் நீல நிற பிஸ்கற் பேணி. அதை ஆசையாய்த் திறந்து ஊசியையும் நூலையும் கண்டு முகம் வாடாத பிள்ளை எந்த நாட்டிலும் இல்லை. பேணி எதுவானாலும் உள்ளே அடுக்கியிருந்த முறை ஏறக்குறைய ஒன்றுதான். கிணறு வெட்டும்போது மண் படை படையாகத் தெரிவதுபோல, அடியிலிருந்து மேலே காலம் தெரிந்தது.

அடிப்படையில் இருப்பவை மர றீல்கள். அவை அம்மம்மாமாரின் காலத்தவை. யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளின் படிப்பும் தையலும் ஒன்றாகவே வந்தன. 1824 இல் ஹரியட் வின்ஸ்லோ உடுவிலில் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோதே வாசிப்போடு ஊசியும் கைக்கு வந்துவிட்டது. பின்னர் எழுந்த பெண்கள் பாடசாலைகளும், சைவப் பாடசாலைகள் உட்பட, அந்த வழக்கத்தைத் தொடர்ந்தன. றீலின் நுனியில் ஒட்டிய வட்டக் கடதாசியைப் பார்த்தால் கோட்ஸ், கிளார்க் என்ற பெயர்கள் இருக்கும். இரண்டும் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துக் கம்பனிகள், 1896 இல் ஒன்றாகின. பருத்தித் தையல் நூல் அந்த ஊரில் பிறந்த கதை எமக்கு அந்நியமானதல்ல. நெப்போலியன் காலத்துத் தடையால் பட்டு நூல் கிடையாமற் போக, நெசவுத் தறிக்குப் பட்டுக்குப் பதிலாகப் பருத்தியை முறுக்கிப் பார்த்தார்கள். அது தைக்கவும் உதவும் என்று கண்டு 1812 அளவில் விற்கத் தொடங்கினார்கள். ஒரு தடைக்குள் பிறந்த நூலை இன்னொரு தடைக்குள் நாம் இழை எண்ணிப் பாதுகாத்தோம். அதைப் பின்னர் சொல்வோம்.

மர றீல்களோடு அநேகமாக ஒரு சிவப்பு நூலும் இருக்கும். விடுதியில் இருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். தலையணை உறை, படுக்கை விரிப்பு, சிம்மிஸ் எல்லாவற்றிலும் இலக்கம் தைக்க வேண்டும், அதுவும் சிவப்பில்தான். வெள்ளாவியில் அவித்தாலும் போகாத நிறம் அது ஒன்றுதான். அந்தச் சிவப்பின் சாரம் அலிசரின் என்ற பொருள். மன்னாரிலும் எமது தீவுகளிலும் ஒல்லாந்தர் காலத்தில் அரசின் ஏகபோகமாகத் தோண்டி எடுக்கப்பட்ட சாயவேரிலும் இருப்பது அதுதான். 1868 இல் ஜேர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் அலிசரினைச் செயற்கையாகச் செய்துகாட்டினார்கள். அதன்பின் வேர் தோண்டும் தொழில் ஒடுங்கியது. தீவுப்பகுதி மாணவிகள் தங்கள் மண்ணில் விளைந்த நிறத்தையே கப்பலில் வந்த நூலாக வாங்கித் தைத்தார்கள்.

நடுப்படை பூத்தையல் நூற்கண்டுகள். ஆறு இழை, எட்டு மீற்றர், இரண்டு கடதாசிப் பட்டி. பிரான்சின் முலூஸ் நகரத்து டி.எம்.சி., அல்லது அங்கர். பெயர் ஒன்றென்பதைத் தவிர அங்கர் பால்மாவுக்கும் இதற்கும் உறவில்லை. இந்த நூலின் மினுக்கம் பட்டினுடையதல்ல. பருத்தியைக் காஸ்ரிக் சோடாவில் தோய்க்கும் முறையை ஜோன் மெர்சர் 1844 இல் கண்டார். தோய்க்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் மினுங்கும் என்பதை 1890 இல் ஹொரஸ் லோ கண்டார். அதிலிருந்துதான் பூத்தையல் பட்டுக்காரரின் கையைவிட்டு எம்மைப் போன்றோரின் கைக்கு வந்தது.

கண்டை எப்படிப் பிரிப்பது என்பது எமது தையல் ரீச்சரின் முதற் பாடம். கடதாசிப் பட்டியைக் கழற்றக் கூடாது. தளர்ந்த நுனி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தால் மெதுவாக இழுக்க வேண்டும். மற்றப் பக்கத்தால் இழுத்தவர் அன்று முழுவதும் சிக்கெடுக்கத்தான் சரி. "பிள்ளையள், முழத்துக்கு மேலை நூல் வெட்டாதேங்கோ" என்பார். ஒரு முழம் 18 அங்குலம். நீண்ட நூல் துணிக்குள் போய்வரப் போய்வரத் தேய்ந்து மயிர் பிடிக்கும். முழக் கணக்கில் ஒரு கண்டில் 17 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஆறு இழை, இரண்டு இழையாகத் தைத்தால் 51 ஊசி நூல். இந்தக் கணக்கை நாம் எந்தக் கணிதப் பாடத்திலும் இவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

1970 இலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம் பேணியில் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படையில் முழுக் கண்டே இல்லை. விரல் நீளத் துண்டுகள், நிறம் நிறமாக, தீப்பெட்டி மட்டையில் சுற்றியபடி. ஒரு தாயார் பழைய மேசைவிரிப்பிலிருந்து அவிழ்த்த நூலை ஈரத் துணியில் நீவிச் சுருள் எடுத்து வைத்திருக்கிறார். 1977 இல் கதவு திறந்ததும் நிறங்கள் ஒரேயடியாக வந்து விழுகின்றன. பட்டிகளில் இப்போது மதுரா கோட்ஸ் என்ற பெயர். மதுரை ஆலையும் பெய்ஸ்லிக் கம்பனியும் 1974 இல் இணைந்ததால் வந்தது. அம்மாமாரின் கலியாணத் தலையணைகளுக்கு மயிலும் அன்னமும் வந்த காலம் இது. அவற்றின் அழகைப் பற்றி எமக்குள் இரண்டு அபிப்பிராயம் உண்டு.

மேற்படை எம்முடையது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. கிளாலியால் உயிரைப் பிடித்துக்கொண்டு பொருள் கொண்டுவருபவர் மண்ணெண்ணெயும் பற்றரியும் கொண்டுவருவாரா, நிற நூல் கொண்டுவருவாரா? ஆனால் பாடத்திட்டம் மாறவில்லை. மனையியல் கொப்பியில் சங்கிலித் தையல் வேண்டும், தண்டுத் தையல் வேண்டும், சற்றின் தையலில் ஒரு பூவாவது வேண்டும். ஆண்டு எட்டில் மூவருக்கு ஒரு கண்டு என்று ரீச்சர் பங்கிட்டார். நீளத்தில் வெட்டிப் பங்கிடவில்லை. ஆறு இழையில் ஆளுக்கு இரண்டு இழையாகப் பிரித்தார். எட்டு மீற்றரைச் சிக்காமல் மூன்றாகப் பிரிப்பதற்கு மண்டபத்தின் நீளம் தேவைப்பட்டது. ஒருவர் ஒரு நுனியில், மூவர் மறு நுனியில், நடுவில் ரீச்சர் விரல் விட்டுக்கொண்டு நடப்பார். வானத்தில் சத்தம் கேட்டால் நூலை நிலத்தில் விட்டுவிட்டு பங்கருக்குப் போவோம். திரும்பி வந்து விட்ட இடத்தில் எடுப்போம்.

வீட்டில் அதை வைப்பது தனிக் கலை. இரவில் ஜாம் போத்தல் விளக்குத்தான். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் கடும் நீலமும் கடும் பச்சையும் கறுப்பும் ஒன்றே. ஆகவே பகலில் அடுக்க வேண்டும், இரவில் இடத்தைக் கொண்டு எடுக்க வேண்டும். ஒரு வீட்டில் நீலத்தின் நுனியில் ஒரு முடிச்சு, பச்சையின் நுனியில் இரண்டு முடிச்சு, மண்ணிறத்துக்கு மூன்று. கறுப்புக்கு முடிச்சில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த படத்திலும் அந்த முடிச்சுகள் அப்படியே இருந்தன.

வெள்ளை நூல் மாச்சாக்கிலிருந்து வந்தது. சாக்கின் வாயைச் சங்கிலித் தையலில்தான் மூடியிருப்பார்கள். சரியான நுனியைப் பிடித்தால் ஒரே இழுப்பில் முழு நூலும் வரும். அதை மஞ்சளில் அவித்து மஞ்சள் நிறமாக்கினோம். மஞ்சட் சாயத்துக்கு வெயில் ஆகாது என்பதால் அதற்கு மட்டும் பேணியின் அடியில், கறுத்தக் கடதாசிக்குள் இடம். இடப்பெயர்வின்போது அம்மாமார் எடுத்தவை சான்றிதழ், காணி உறுதி, நகை, அரிசி. நூற்பேணியை எடுத்தவர்களும் இருந்தார்கள். பாரமில்லாத பொருள், கடகத்தின் மூலையில் கிடந்தது என்று ஒரு தாயார் சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்ன விளக்கம்.

இந்தப் பேணிகளை இப்போது எப்படி வைப்பது என்று பலர் கேட்கிறீர்கள். எம்மில் மருத்துவத் துறைக்குப் போனவர்களுக்கு நூலின் ஒழுங்கு பழகியது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒவ்வொரு நூலும் இலக்கமும் திகதியும் இட்ட தனிப் பொதியில் இருக்கும். அங்கே 3-0 என்பது 2-0 ஐவிட மெல்லியது. பேர்ள் கொற்றனிலும் அப்படித்தான், எட்டாம் இலக்கம் ஐந்தாம் இலக்கத்தைவிட மெல்லியது. பூத்தையல் நூலுக்குக் காலாவதித் திகதி இல்லை, ஆனால் காலம் ஆகும். ஒரு சாண் துண்டை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். விறைப்பாக நின்றால் தைக்கலாம். பட்டென்று அறுந்தால் தைக்க வேண்டாம், எறியவும் வேண்டாம்.

பேணியில் கறள் இருந்தால் முதலில் நூலை வெளியே எடுங்கள். கறட் கறை பருத்தியில் ஏறினால் இறங்காது. (கறள் குத்தினால் ஏற்புவலி வரும் என்று இன்றும் பயப்படுகிறோம். கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும், கறளில் அல்ல. தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.) ஊசிகளை நூலோடு வைக்காமல் ஒரு துண்டு கம்பளித் துணியில் குத்தி வேறாக வையுங்கள். இறப்பர் வளையம் போட்டிருந்தால் வெட்டி எடுங்கள். அது உருகி ஒட்டும். நூலைப் பழைய தையல் கொப்பியோடு சேர்த்து வைக்கவே கூடாது. கொப்பியில் துணி ஒட்டிய மாப்பசைக்கு இராமபாணப் பூச்சி வரும், பசையோடு பருத்தியையும் தின்னும். கழுவி உலர்த்திய பழைய பருத்தித் துணியில் சுற்றி, வெளிச்சம் படாத அலுமாரித் தட்டில் வைத்தால் போதும். கொழும்பில் இருப்பவர்கள் ஈரப்பதன் காரணமாகப் பிளாஸ்ரிக் பைக்குள் இறுக்கிக் கட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். ரொறன்ரோவில் பேஸ்மென்ற் வேண்டாம்.

தைப்பதற்காக நூல் வைத்திருப்பவர்களுக்கு வேறு விதி. அவர்கள் மட்டையில் சுற்றிப் பெட்டியில் அடுக்கலாம். நிறத்தின்படி அடுக்குவது கண்ணுக்கு அழகு, இலக்கத்தின்படி அடுக்குவது கைக்குச் சுகம். டி.எம்.சி.யில் மட்டும் 500 நிறங்கள் உண்டு. வெள்ளெழுத்துத் தொடங்கிய எமது வயதில் இலக்கத்தையே நாம் சிபாரிசு செய்வோம். டி.எம்.சி.யின் கறுப்பு 310, அங்கரின் கறுப்பு 403. மட்டையில் கம்பனிப் பெயரையும் எழுதாவிட்டால் இரண்டாம் நாளே குழம்பும். ஆனால் அம்மாவின் பேணிக்கு இந்த விதியைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே பட்டியும் முடிச்சும் தீப்பெட்டி மட்டையுமே வரலாறு. அழகான புதுப் பெட்டிக்கு மாற்றிய அன்றே அது வெறும் நூலாகிவிடும்.

அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. எமது அம்மாமார் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். இரண்டு கிழமை லீவில் வந்து வீட்டை ஒழுங்குபண்ணும் பிள்ளைகள் உறுதியையும் நகையையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வளவில் போட்டுக் கொளுத்துகிறார்கள். இந்த மலருக்குப் படம் கேட்டபோது இரண்டு பேணிகள் அப்படிப் போய்விட்டன என்று அறிந்தோம். அவற்றில் ஒன்று ஐம்பதுகளில் எமது தையலறையில் படிப்பித்த ரீச்சர் ஒருவருடையது.

ஆகவே கொளுத்துமுன் ஒருமுறை திறந்து, ஒன்றையும் கலைக்காமல், மேலிருந்து ஒரு படமும் ஒவ்வொரு படைக்கு ஒரு படமும் எடுங்கள். அம்மா இருந்தால் பேணியை அவர் மடியில் வைத்துக் கேளுங்கள். மறதிநோய் தொடங்கியவர்களிலும் கைப்பழக்கம் பெயர்களைவிட நெடுநாள் நிற்பதை நாம் வாட்டில் காண்கிறோம். நூல் கைக்கு வந்தால் பேச்சும் சிலவேளை வரும். அவர் சொல்வதை ஒரு துண்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பேனை மை கசியும். யாருடையது, எந்த ஆண்டு, எந்த வகுப்பு, இந்த நூலால் என்ன தைத்தது, அந்தத் துணி இப்போது யாரிடம்.