மலேசியத் தமிழரிடையே திருமணப் பதிவும் குடும்ப வன்முறைச் சட்டமும்

இல்லத்துள் நிகழும் வன்முறையைக் குற்றமெனச் சட்டம் ஏற்பதற்கு முன், அதற்கு ஆளாகும் பெண்ணை மனைவியென ஏற்றல் வேண்டும். மலேசியத் தமிழ்ப் பெண்களைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்த வரலாறாகும்.

முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்த் தமிழர் திருமணங்கள் வழக்காற்று மணங்களாகவே நிலைபெற்றன. பின்னரும், கோயிலில் தாலி கட்டியதோடு பதிவுசெய்யாது நின்றுவிட்ட மணங்கள் இருந்தன. அத்தகைய மணத்தில் வாழ்ந்த பெண் துன்புற்று வெளியேறுங்கால், மனைவி என்னும் நிலையை மெய்ப்பிக்க அவளிடம் சான்றிதழ் இல்லை.

அதே 1982ஆம் ஆண்டில் மகளிர் உதவி அமைப்பு அடைக்கல இல்லம் ஒன்றைத் தொடங்கியது. 1985இல் பெண்கள் அமைப்புகள் ஒருங்கிணைந்து தனிச்சட்டம் வேண்டிப் பரப்புரை மேற்கொண்டன. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறியது. முஸ்லிம்களுக்கும் அது பொருந்துமா என்ற விவாதத்தால் தாமதமுற்று, 1996இலேயே நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் வரையறைப் பகுதி தமிழருக்குத் தனிச்சிறப்புடையது. சமயம் அல்லது வழக்காற்றின்படி மணச்சடங்கு நிகழ்ந்திருப்பின், பதிவு இல்லாதபோதும் அவர்கள் இச்சட்டத்தின் நோக்கில் வாழ்க்கைத் துணைவரே என்று அது கூறுகிறது. பதிவேடு ஏற்காத தாலியை, பாதுகாப்பு வேண்டும் இடத்தில் இச்சட்டம் ஏற்றது.

வன்முறையின் பொருளும் காலப்போக்கில் விரிந்தது. அடித்தல், அச்சுறுத்தல், அடைத்துவைத்தல், உடைமைக்குச் சேதம் விளைத்தல் ஆகியவற்றோடு 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உளவியல் துன்புறுத்தலையும் சேர்த்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், சமூகநல அதிகாரி 7 நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க வழிசெய்தது. இதற்குக் காவல்துறையில் முன்கூட்டியே புகார் அளித்திருத்தல் வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளின் ஒருங்கிணைந்த நெருக்கடி மையங்களும் 15999 என்னும் உதவி எண்ணும் இதற்குத் துணைநிற்கின்றன.

எனினும், "குடும்ப விவகாரம்" என்னும் சொல் இன்னும் பல இல்லங்களின் கதவை அடைத்தே வைத்துள்ளது. பதிவு இல்லாமையால் தமக்கு உரிமையில்லை என்று கருதி அடங்கிவாழும் பெண்ணுக்கு மேற்கூறிய வரையறை தெரிந்திருத்தல் இன்றியமையாதது. சட்டம் ஏற்றதை உற்றாரும் ஊராரும் ஏற்கும்போதே இவ்வரலாறு நிறைவெய்தும்.