பினாங்குக்கு முன்னே ஒரு துறைமுகம்: கோலக்கெடா

நம் குடும்பங்களில் முன்னோர் வந்த கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் பினாங்கிலிருந்தே தொடங்குகிறோம். 1786இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் இறங்கினார், ஊர் உருவானது, பிறகு நம்மவர்கள் பிழைப்புத் தேடி வந்தார்கள் என்பதே நம் பிள்ளைகள் அறிந்த வரலாறு. இந்தப் பொன்விழா மலரில் அதற்கு முந்தைய ஓர் ஊரை நினைவுகூர விரும்புகிறோம்.

தாய்லாந்தை எல்லையாகக் கொண்ட கெடா மாநிலத்தில், கெடா ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது கோலக்கெடா. இன்று நம்மில் பலருக்கு அது லங்காவிக்குப் படகு ஏறும் இடம். மறுகரையில் பழைய கோட்டையின் செங்கல் மதில்கள் நிற்கின்றன.

தமிழர்களுக்குக் கெடா புதிய நாடன்று. சோழர் கல்வெட்டுகளில் வரும் கடாரம் இதுவே. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பியதும், 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடாரத்தின் மீது படையெடுத்ததும் நாம் பள்ளியில் படித்தவையே.

பிற்காலத்தில் அந்தக் கடல்வழியைத் தொழிலாகக் கொண்டவர்கள் சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட நம் முன்னோர். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற துறைகளிலிருந்து துணி மூட்டைகளுடன் மரக்கலங்கள் புறப்படும். திரும்பும்போது ஈயமும் மிளகும் யானைகளும் ஏற்றிச் செல்வார்கள். ஆம், கெடாக் காட்டு யானைகள் கடல் கடந்து சோழமண்டலக் கரைக்குப் போயின! தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர்கள், வடகிழக்குக் காற்று எழும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் கடைகள் வந்தன; இங்குள்ள மலாய்க் குடும்பங்களோடு திருமண உறவும் வந்தது. கெடா சுல்தான்களின் வாணிபத்தைக் கவனிக்கும் 'சவுதாகர் ராஜா' பொறுப்பிலும் சூலியா வணிகர்கள் இருந்தார்கள்.

சயாம், பர்மா ஆகிய வல்லரசுகளுக்கிடையே கெடா தவித்த காலம் அது. படை உதவி கிடைக்கும் என்று நம்பியே சுல்தான் அப்துல்லா பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார். உதவி வரவில்லை. 1791இல் தீவை மீட்க முயன்று தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற ஏற்பாட்டுக்கு இணங்க வேண்டியதாயிற்று. கெடாவின் வாணிபம் மெல்ல மெல்லப் பினாங்குக்கு மாறியது.

வணிகர்களும் மாறினார்கள். 1794இல் லைட் எழுதிய குறிப்பில், பினாங்கில் ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் குடியிருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் கெடாவில் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும் காணப்படுகிறது. அவர்களைப் பொறுத்தவரை பினாங்கு அக்கரைச் சீமையன்று, பக்கத்துத் தீவு. 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நிலம் வழங்கப்பட்டபோது இந்தச் சமூகம் ஏற்கெனவே இந்நாட்டில் வேரூன்றியிருந்தது.

1821 நவம்பரில் சயாமியப் படை கோலக்கெடாவைத் தாக்கியது. சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்கில் தஞ்சம் புகுந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் பினாங்குக்கும் செபராங் பிறைக்கும் ஓடிவந்தார்கள். சுல்தான் நாடு திரும்ப 1842 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1909 உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷாரிடம் வந்தது. ஒருகாலத்தில் கெடாவோடு இணைந்திருந்த சத்துன் சயாமிடமே தங்கியது. உறவினர்கள் வாழ்ந்த ஊர்களுக்கு நடுவே எல்லைக்கோடு விழுந்தது. 1943இல் ஜப்பானியர் கெடாவைத் தாய்லாந்திடம் கொடுத்தனர். 1945இல் அது மீண்டும் திரும்பியது.

இத்தனை மாற்றங்களில் கெடாவின் பழைய சூலியாக் குடும்பங்கள் பல மலாய்ச் சமூகத்தோடு கலந்துவிட்டன. கலந்தது குறையன்று, நினைவு அழிவதுதான் குறை. "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்று கேட்கப்படும் நம் பிள்ளைகளுக்கு, பிரிட்டிஷார் கொடி ஏற்றுவதற்கு முன்பே இக்கரையில் கடை விரித்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த சமூகம் இது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, அங்கத்தினர் குடும்பங்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள பழைய கடிதம், நிக்காஹ் பதிவு, நிலப்பத்திரம், கடைக் கணக்கேடு எதையும் தூக்கி எறியாதீர்கள். பெரியவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அடுத்த முறை லங்காவிக்குப் போகும்போது, படகு வரும்வரை பிள்ளைகளுக்கு மறுகரைக் கோட்டையைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.