பட்டு நூலில் ஆடிய ஊசல்

கணப்பு மேல் வைக்கும் பழைய பிரெஞ்சுக் கடிகாரம் விற்பனைக்கு வந்தால், முகப்பில் எழுதிய பாரிஸ் பெயரை நான் முதலில் பார்ப்பதில்லை. அது பல நேரம் விற்ற கடைக்காரர் பெயர்தான். உள்ளிருக்கும் இயந்திரம் போக்கூரில் ஜாப்பி குடும்பத்து ஆலையிலோ, நார்மண்டியின் சேன் நிக்கோலா தலியெர்மோனிலோ உருவாகி, பாரிஸில் மெருகேறியிருக்கும்.

பின்கதவைத் திறந்து ஊசலைத்தான் பார்ப்பேன். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது பட்டு நூலில் தொங்கியது. ஈரக் காற்றுக்கு நூலின் நீளம் மாறும், நேரமும் தவறும். பிறகு கடிகாரக் கலைஞர் அஷில் புரோக்கோ மெல்லிய எஃகுத் தகட்டில் ஊசலைத் தொங்கவிட்டு, முகப்பில் 12க்கு மேலே ஒரு சிறு சதுர முனை வைத்தார். முன்னால் நின்றபடியே சாவியைத் திருப்பி வேகத்தைச் சீராக்கலாம். எத்தனை அழகான யோசனை!

கடிகாரக் கூட்டின் பொன்முலாமைப் பார்த்தால் மட்டும் மனம் கனக்கிறது. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்கலத்தில் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் தங்கும். அந்த ஆவியை மூச்சாய் இழுத்த தொழிலாளிகளின் கை நடுங்கியது, உடல் நைந்தது. அவர்கள் பெயர் எந்தக் கடிகாரத்திலும் இல்லை.

வாங்குமுன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பூச்சுப் படாத இடத்தில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் வெண்கலம். சாம்பல் வெளுப்பென்றால் துத்தநாக வார்ப்பு.