குடேரியனுக்கு ஒரு கடிதம்: லிடல் ஹார்ட் தாள்களில் மறைந்துபோன நிருபர்

1951 ஏப்ரல் 6 அன்று பிரிட்டிஷ் இராணுவ எழுத்தாளர் பேசில் லிடல் ஹார்ட், ஜெர்மானியத் தளபதி ஹைன்ஸ் குடேரியனுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி இனிச் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை என்ற எண்ணம் இராணுவ வரலாற்றுத் துறையில் வேரூன்றியிருக்கிறது. கடிதம் கேட்டது என்ன, குடேரியன் செய்தது என்ன என்பதில் ஐயம் இல்லை. குடேரியனுடைய நினைவுக்குறிப்புகளின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதும் பொறுப்பு லிடல் ஹார்ட்டிடம் இருந்தது. தம் எழுத்துகளிலிருந்து குடேரியன் கற்றதைப் பற்றி நூலில் தனிக்குறிப்பு இல்லாதது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம் என்று அவர் நயமாகச் சுட்டினார். கவசப் படைகள் எதிரிப் படையின் போக்குவரத்து வழிகளை நோக்கி நெடுந்தொலைவு பாய வேண்டும் எனத் தாம் வலியுறுத்தியதையும், டாங்கியும் அதனுடன் செல்லும் காலாட்படையும் சேர்ந்த கவச டிவிஷனைத் தாம் முன்மொழிந்ததையும், இவ்விரண்டும் குடேரியனை ஈர்த்ததையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்டார். 1952இல் வெளிவந்த ‘பேன்சர் லீடர்’ நூலில் ஏறத்தாழ அதே வாசகத்தில் ஒரு பத்தி இடம்பெற்றது. 1951இன் ஜெர்மன் மூலத்தில் அந்தப் பத்தி இல்லை.

இதிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. முதல் வழியில் சென்றவர்கள் லிடல் ஹார்ட் தமக்கு வேண்டிய சாட்சியத்தைத் தாமே எழுதி வாங்கினார் என்றும், எனவே அவர் விட்டுச்சென்ற தாள்கள் முழுவதையும் சந்தேகத்தோடுதான் புரட்ட வேண்டும் என்றும் வாதிட்டனர். பின்னர் வந்த சிலர், கடிதம் எப்படியிருந்தாலும் 1920களிலும் 30களிலும் ஜெர்மானிய இராணுவ இதழ்கள் அவரைக் கவனித்து வாசித்திருக்கின்றன, ஆகவே செல்வாக்கு உண்மைதான் என்று மறுத்தனர். இரு தரப்பும் எடுத்துவைக்கும் சான்றுகளில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால் இரண்டும் கேள்வியைக் கடிதத்திடமிருந்தே கடன் வாங்கியிருக்கின்றன: லிடல் ஹார்ட் என்ற கோட்பாட்டாளர் குடேரியனுக்கு ஆசிரியரா, இல்லையா? அப்படித்தான் நாம் கேட்க வேண்டும் என்பது கடிதத்தின் விருப்பம். அந்த விருப்பத்திற்கு வழக்குத் தொடுத்தவர்களும் இணங்கினார்கள், வழக்காடிக் காத்தவர்களும் இணங்கினார்கள்.

கடிதம் உரிமை கோருவது இரண்டே செய்திகளுக்கு. இரண்டும் கோட்பாட்டாளருக்கு உரியவை: ஒன்று போர் நடத்தும் முறை பற்றியது, மற்றது படை அமைப்பு பற்றியது. அந்த ஆண்டுகளில் லிடல் ஹார்ட்டின் தொழில் என்னவோ அதைப் பற்றி ஒரு சொல்கூடக் கடிதத்தில் இல்லை. 1925 முதல் 1935 வரை ‘டெய்லி டெலிகிராப்’, அதன்பின் 1939 வரை ‘தி டைம்ஸ்’ என்று அவர் இராணுவ விவகார நிருபராக இருந்தார். ஒத்திகைகளுக்குப் போவார், அதிகாரிகளிடம் பேசுவார், அடுத்த நாள் பத்திரிகையில் எழுதுவார். 1927இல் சாலிஸ்பரி சமவெளியில் பிரிட்டன் திரட்டிய சோதனை இயந்திரப்படையை எண்ணிப் பார்க்கலாம். டாங்கிகள், கவசக் கார்கள், வண்டியில் ஏற்றிச்சென்ற இயந்திரத் துப்பாக்கிப் பட்டாளம், பீரங்கி, பொறியாளர்கள் என எல்லாம் ஒரே கட்டளையின்கீழ் நகர்ந்த முதல் பெரிய முயற்சி அது. அந்தப் படை உருவாகத் தாமதமானதை அம்பலப்படுத்தியதிலும், அது நகர்ந்த விதத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததிலும் அவர் பேனாவுக்குப் பங்கு உண்டு. வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு டாங்கியைத் தடை செய்திருந்தது. கையில் டாங்கி இல்லாத படைக்கு அயல்நாட்டு ஒத்திகை பற்றிய அறிக்கை வெறும் வாசிப்பு அல்ல, அதுவே அதன் பயிற்சிக்களம். பிரிட்டிஷ் கவசப்படைக் கையேட்டின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு தங்களுக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தது என்று குடேரியனே எழுதியிருக்கிறார். அது ஒரு மேதையின் நூல் அல்ல, அலுவலக வெளியீடு. அவர்களுடைய பசி எந்த வகையானது என்பதை இந்த ஒரு செய்தியே காட்டுகிறது. அங்கே தேவைப்பட்டவை எந்த வண்டி எந்த வேகத்தில் போனது, காலாட்படை எங்கே பின்தங்கியது, கட்டளை எப்படிச் சென்றது என்பன போன்ற விவரங்கள்.

இப்போது கடிதத்தின் இரண்டாவது உரிமைக்கோரலை எடுத்துக்கொள்வோம். டாங்கியும் காலாட்படையும் சேர்ந்த டிவிஷன் தம் முன்மொழிவு என்கிறார். 1920களில் அவர் எழுதியவற்றில் இதற்கு விதை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவர் விரும்பியது கப்பலில் செல்லும் மரைன் வீரர்களைப் போல டாங்கியோடு செல்லும் சிறு தொகைக் காலாட்படை. 1935 அக்டோபரில் ஜெர்மனி அமைத்த மூன்று பேன்சர் டிவிஷன்களில் டாங்கிப் பிரிகேடுக்கு இணையாக மோட்டார் காலாட்படைப் பிரிகேடும் நின்றது. முந்தையதிலிருந்து பிந்தையது நேராகப் பிறந்தது என்று காட்டுவது கடினம். ஆனால் சாலிஸ்பரியில் நின்ற கலப்புப் படையின் அமைப்பை வாரந்தோறும் பத்திரிகையில் வாசித்த ஒரு வெளிநாட்டு அதிகாரிக்கு, கலப்பு என்ற எண்ணமே நடைமுறைப் பொருளாகத் தெரிந்திருக்கும். கோட்பாட்டாளராக நின்றால் லிடல் ஹார்ட்டின் உரிமை மெலிகிறது. நிருபராக நின்றால் அது வலுக்கிறது. அவர் 1951இல் மெலிந்ததையே தேர்ந்தெடுத்தார் என்பதுதான் இக்கடிதத்தின் விந்தை.

ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அவருடைய 1930களின் இரண்டாம் பாதி விடை தருகிறது. அப்போது அவர் எழுதியவை தற்காப்பே தாக்குதலைவிட வலியது, கண்டத்திற்குப் பெரும் படை அனுப்புவது வீண் என்ற திசையில் சென்றன. போர் அமைச்சர் ஹோர்-பெலிஷாவுக்கு 1937-38இல் அவர் அளித்த ஆலோசனையிலும் இந்தச் சாய்வு உண்டு. ‘பிரிட்டனின் பாதுகாப்பு’ நூல் 1939இல் வந்தது. 1940 மே மாதத்தில் செடானருகே மியூஸ் ஆற்றைக் கடந்து ஜெர்மானியக் கவசப்படை கடற்கரையை எட்டியபோது அந்த நிருபரின் நாளிதழ்த் துணுக்குகள் அவருக்கு எதிரான சாட்சிகளாக மாறின. ஆகவே 1951இல் தம்மை நிருபராக நினைவூட்டிக்கொள்வது அவருக்கு ஆபத்து. 1927இன் செய்திகளைத் திறந்தால் 1938இன் செய்திகளையும் சேர்த்தே திறக்க வேண்டிவரும். கோட்பாட்டாளருக்கு அந்தச் சிக்கல் இல்லை. கோட்பாட்டை அது பிறந்த நாளிலிருந்து பிரித்து எடுத்து, எந்த நூலின் பத்தியிலும் ஒட்டிவிடலாம்.

இதை வெறும் தற்பெருமை என்று சொல்லிக் கடந்துவிடலாம் என்பார்கள். தற்பெருமை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் தற்பெருமை எவரும் எதையும் கோரக் காரணமாகும். இந்த இரண்டை மட்டும் ஏன் கோரினார் என்பதை அது விளக்காது. குடேரியன் கையொப்பமிட்டபின் அது குடேரியனின் கூற்றுதானே என்ற வாதத்திற்கும் நீண்ட பதில் வேண்டியதில்லை. 1948இல் சிறையிலிருந்து வெளிவந்த ஒரு தோற்ற தளபதிக்கு, ஆங்கில வாசகர்களிடம் தம்மை அறிமுகப்படுத்தும் முன்னுரையாளர் கேட்டதை மறுக்கக் காரணமில்லை. ஜெர்மானியத் தளபதிகளை நேர்கண்டு 1948இல் நூலாக்கியவர், தளபதி மான்ஸ்டைனுக்காக வெளிப்படையாக வாதாடியவர் என்ற நன்றிக்கடனும் அங்கே இருந்தது. அந்தப் பத்தி 1951க்குச் சான்று, 1920களுக்கு அல்ல. இந்தச் செல்வாக்கை நிறுவத் தளபதி ரோமலின் தாள்களைத் துணைக்கு அழைப்பவர்கள், 1953இல் அவற்றைப் பதிப்பித்தவரும் இதே லிடல் ஹார்ட்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இங்கிருந்து தாள்களுக்கே திரும்ப வேண்டும். அவர் 1970இல் இறந்தபின், 1973இல் அவை லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தன. அங்குள்ள இராணுவ ஆவண மையம் இன்று அவர் பெயரையே தாங்குகிறது. வாழும்போதே மெட்மனம் வீட்டு நூலகத்தை இளம் வரலாற்றாசிரியர்களுக்குத் திறந்துவைத்தவர் அவர். குடேரியன் நூலின் ஜெர்மன், ஆங்கிலப் பதிப்புகளுக்கிடையிலான வேறுபாடு பற்றி 1968இல் கேட்கப்பட்டபோது, குடேரியனுடனான தம் கடிதக் கோப்பில், சேர்க்கப்பட்ட பத்திக்கு நன்றி சொன்னதைத் தவிர இதைப் பற்றி ஒன்றும் இல்லை என்று பதிலளித்தார். அவர் கேட்டு எழுதிய கடிதம் பின்னர் குடேரியனின் தாள்களிலிருந்து வெளிப்பட்டது. வழக்குத் தொடுத்தவர்கள் இப்பதிலைத் தந்திரம் என்கிறார்கள். அது தந்திரமாகவே இருக்கட்டும். என்னைக் கவர்வது அந்தப் பதிலின் அமைப்பு. நடந்தது என்ன என்று கேட்டவருக்கு, தம் கோப்பு என்ன சொல்கிறது என்று பதில் வருகிறது. ஒரு மனிதர் தம் நினைவின் இடத்தில் தம் ஆவணக்காப்பகத்தை வைத்துவிட்டார்.

இதனால் அந்தக் காப்பகம் முழுவதும் நஞ்சானது என்று முடிவுகட்ட நான் தயாரில்லை. அவருக்கு எதிராக எழுதப்பட்ட மிகக் கடுமையான ஆய்வே பெரும்பகுதி அவருடைய தாள்களைக் கொண்டு கட்டப்பட்டது. 1930களில் அவர் தமக்குத் தாமே எழுதிவைத்த குறிப்புகள், உரையாடல் பதிவுகள், கடித நகல்கள் ஆகியவற்றில் தம் பிற்காலப் புகழுக்கு ஒவ்வாத பலவற்றை அவர் அழிக்காமல் விட்டுச்சென்றார். நாளிதழில் வந்துவிட்டதை எரித்துப் பயனில்லை என்று ஒருவர் சொல்லலாம். தனிக்குறிப்புகளுக்கு அந்த வாதம் பொருந்தாது. ஆக, அவர் தாள்களைத் திருத்தினார் என்பதைவிட, அவற்றை வாசிக்கும் வரிசையை நமக்கு வகுத்துக்கொடுத்தார் என்பதே பொருத்தம்: முதலில் நூல்கள், பிறகு தளபதிகளின் கடிதங்கள், கடைசியாக, ஏதோ பின்னணிபோல, நாளிதழ்த் துணுக்குகள். ஆய்வாளர்களும் அந்த வரிசையிலேயே போய் வந்திருக்கிறார்கள்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் செய்ய வேண்டிய வேலை ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 1926க்கும் 1934க்கும் இடையே ‘டெலிகிராப்’ வெளியிட்ட ஒத்திகைச் செய்திகளை நாள்வாரியாக அடுக்கி, ஜெர்மனியின் ‘மிலிட்டேர்-வோஹன்பிளாட்’ போன்ற இதழ்களில் அயல்நாட்டுப் படைகளைப் பற்றி வந்த குறிப்புகளை அருகில் வைக்க வேண்டும். நூல் பெயர் வரும் இடங்களைத் தேடுவது போதாது. பெயரில்லாமல் விவரம் மட்டும் கடந்துசென்ற இடங்களையும் தேட வேண்டும், நிருபரின் செய்தி பெரும்பாலும் அப்படித்தான் பயணிக்கும். ஜெர்மானிய ஆசிரியர்கள் அவர் நூல்களின் கருத்துகளையே எடுத்தாண்டு, ஒத்திகை விவரங்களைத் தூதரக இராணுவ அதிகாரிகளின் அறிக்கைகளிலிருந்தே பெற்றார்கள் என்று அந்த ஒப்பீடு காட்டுமானால், இங்கே சொன்ன வாதம் நிற்காது.