பதவி போன பின்னும் பழியின்றி வாழ்ந்த கக்கன்

ஒருவர் பொறுப்பில் இருக்கும்போது அவரைப் புகழ்வது எளிது. பொறுப்பை விட்டு இறங்கிய பிறகு அவர் கையில் என்ன மிஞ்சியிருந்தது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று நாம் கருதுகிறோம். அந்த அளவுகோலுக்கு நின்று காட்டிய ஒரு கிராமத்து மனிதரின் வரலாற்றை இங்கே நினைவுகூர்கிறோம்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18 அன்று பிறந்தவர் பி. கக்கன். தந்தையார் ஊர்க் கோயிலின் பூசாரி. தீண்டாமைக் கொடுமையால் ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகம் அவருடையது. இளமையிலேயே காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்தார். 1939 ஜூலை 8 அன்று மதுரை வைத்தியநாதய்யர் தலைமையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த சிறு குழுவில் கக்கனும் ஒருவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றார். பின்னர் அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் 1957 வரை மக்களவையிலும் உறுப்பினராக இருந்தார்.

1957இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, காமராசர் அமைத்த எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மேலூர்ப் பகுதி விவசாயிக்கு அத்துறையின் அருமை நன்கு தெரியும். 1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் படுகைக்கு வந்து, கால்வாய்களில் பிரிந்து அவ்வட்டத்து வயல்களில் பாய்கிறது. வருகின்ற நீரைத் தேக்கி வைத்து, பயிருக்கு வேண்டும் வேளையில் திறந்துவிட ஓர் அணை தேவைப்பட்டது. ஆண்டிப்பட்டிக்கு அருகே 71 அடி நீர்மட்டம் கொண்ட வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. பலர் உழைப்பால் எழுந்த அணைதான் அது. எனினும் அது நிறைவேறிய காலத்தில் துறையை நடத்தியவர், அந்நீரை நம்பிய மண்ணில் பிறந்தவர் என்பது நமக்கு நிறைவளிக்கிறது.

1962இல் வேளாண்மைத் துறையையும், 1963 அக்டோபரில் உள்துறையையும் ஏற்றார். நிறைவுகளை மட்டும் எழுதினால் வரலாறு முழுமை பெறாது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அன்று அத்துறையின் பொறுப்பு அவருடையதே. மக்களின் சினமும் அரிசித் தட்டுப்பாடும் 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை வீழ்த்தின. விருதுநகரில் காமராசர் தோற்றார். மேலூரில் கக்கனும் தோற்றார்.

பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தவர், தோற்ற பின் வாடகை வீட்டில் வாழ்ந்தார். சாதாரண மக்களோடு பேருந்தில் பயணம் செய்தார். அணை கட்டிய துறையும் காவல் துறையும் அவர் கையில் இருந்தன. ஆனால் தமக்கென அவர் எதையும் சேர்த்திருக்கவில்லை.

முதுமையில் நோயுற்று மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் அவர் படுத்திருந்தார். வேறொரு நோயாளியான மதுரை முத்துவை நலம் விசாரிக்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., கக்கன் அங்கிருப்பதை அறிந்து, நேரில் சென்று கண்டு, உரிய சிகிச்சைக்கு ஆணையிட்டார். முதலமைச்சர் வந்து பார்க்கும் வரை அவர் யார் என்பதைப் பலரும் எண்ணிப் பார்க்கவில்லை. 1981 டிசம்பர் 23 அன்று அவர் மறைந்தார். 1999இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இவ்வரலாற்றில் இரு பாடங்கள் நமக்கு உண்டு. ஊர்ப் பொறுப்பாயினும் நாட்டுப் பொறுப்பாயினும், ஏற்றவர் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு திரும்ப முடியும் என்பது ஒன்று. அவ்வாறு திரும்பியவரைத் தேடிச் சென்று நலம் கேட்க வேண்டிய கடமை, அவரால் பயன் பெற்ற நம் அனைவருக்கும் உண்டு என்பது மற்றொன்று. முதற்பாடத்தைக் கக்கன் வாழ்ந்து காட்டினார். இரண்டாவதில் அன்றைய சமுதாயம் தவறியது. நம் காலத்தில் நாம் தவறாதிருப்போமாக.