தீப்பாதுகாப்பு வரைபட அனுமதி

கட்டடம் எழும்புமுன் அதன் வரைபடத்தைப் பரிசீலித்து, தீவிபத்து நேரின் உள்ளிருப்போர் அபாயமின்றி வெளியேற மார்க்கமுண்டா என நிச்சயித்து அளிக்கப்படும் சம்மதமே இவ்வனுமதியாகும். இந்தியாவில் இதற்குப் பிரமாணமாக விளங்குவது, 1970-இல் முதன்முதல் வெளியாகி 2016-இல் திருத்தம் பெற்ற தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பாகமாகும். தமிழ்நாட்டில் 18.30 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்டவற்றை உயர்மாடிக் கட்டடங்களாக 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் வகுத்துள்ளன. இத்தகையவற்றில் மாடிப்படிகளின் அகலம், வெளியேறும் வாயிலுக்குரிய தூரம், தீயணைப்பு வண்டி சுற்றிவரும் இடம், நீர்த்தொட்டியின் கொள்ளளவு முதலானவற்றை ஆராய்ந்தே தீயணைப்புத்துறை தடையின்மைச் சான்று வழங்குகிறது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கீற்றுக்கூரையில் பற்றி, 94 குழந்தைகளைப் பலிகொண்ட பள்ளித்தீ, இப்பரிசீலனை வெறும் சம்பிரதாயமன்று, உயிர்காக்கும் தர்மமே என்பதை என்றென்றும் நினைவூட்டி நிற்கிறது.