வலி மாத்திரையும் அடங்காத பூஞ்சையும்

கேண்டிடான்னு ஒரு ஈஸ்ட். நம்மில் பலர் வாயிலும் குடலிலும் சத்தமில்லாம குடியிருக்கிற ஆசாமி. எதிர்ப்பு சக்தி சறுக்கினா படர ஆரம்பிச்சுடும். சிலருக்கு மருந்துல போகும், அடுத்த மாசமே திரும்பி வரும். பெண்களுக்கு வந்தா "சுத்தமா இருக்கறதில்லை"ங்கற பேச்சுதான் முதல்ல கிடைக்கும். தப்பு அவங்க மேல இல்லை, செல்களில்தான் ஏதோ கோளாறுன்னு தேடிப் போன ஆராய்ச்சியில் வலி மாத்திரைக்கு முக்கிய வேஷம்.

1971-ல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சார். வலி, வீக்கம், காய்ச்சல் மூணுக்கும் பின்னால இருக்கிற புரோஸ்டாகிளாண்டினை உடம்பு தயாரிக்காம அது தடுக்குது. (1982-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு.) அதே புரோஸ்டாகிளாண்டினுக்கு இன்னொரு குணமும் உண்டு. எதிர்ப்பு செல்களை 'போதும், உட்காரு'ன்னு அடக்கும். 1977-ல் நியூ மெக்சிகோவில் குட்வின் குழு, மனித ரத்தச் செல்களோடு இண்டோமெதசின் சேர்த்துப் பார்த்தது. டி செல்கள் முன்னைவிட நல்லாவே பெருகின.

1986-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஸ்டீவன் விட்கின் குழு இதைக் கேண்டிடாவுக்கே கொண்டுவந்தது. தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களின் மேக்ரோபேஜ் செல்கள், கேண்டிடாவை எதிர்க்க வேண்டிய மத்த செல்களையே அமுக்கி வைத்திருந்தன. சோதனைக் குழாயில் புரோஸ்டாகிளாண்டின் தடுப்பு மருந்தைச் சேர்த்ததும் அந்தத் தடை விலகியது. என்னைக் கேட்டா இந்தக் கதையில் மரியாதைக்குரிய இடம் இதுதான்.

அப்புறம் வருது திருப்பம். 2001-ல் மிச்சிகனில் நோவெர், ஹஃப்நாகிள் குழு, கேண்டிடாவே புரோஸ்டாகிளாண்டின் தயாரிக்குதுன்னு காட்டினாங்க. திருடனே காவல்காரனுக்கு மயக்க மருந்து கலக்கிக் கொடுக்கிற கதை! 2004-ல் கிளாஸ்கோவில் அலெம், டக்ளஸ் இருவரும் பூஞ்சைப் படலத்தின் மேல் ஆஸ்பிரினைச் சோதிச்சாங்க. 95 சதவீதம் வரை வளர்ச்சி தடைபட்டது. கூடவே புரோஸ்டாகிளாண்டின் ஊற்றினால் அந்தப் பலன் காணாமப் போச்சு.

அப்போ புரூஃபன் போட்டா சரியாயிடுமான்னு கேக்காதீங்க. இதெல்லாம் குழாயிலும் தட்டிலும் நடந்தது. வயித்துப் புண், சிறுநீரகம்னு இந்த மாத்திரைகளை நாள்கணக்கில் முழுங்கறதுக்கு விலை உண்டு. இன்னிக்கும் கைகொடுக்கறது ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள்தான்.

சின்ன வயசிலிருந்தே வாய், தோல், நகம்னு கேண்டிடா விடாத சிலருக்கு விடை வேற பக்கத்திலிருந்து வந்தது. 2011-ல் பாரிஸில் புயெல், காசனோவா குழு, இண்டர்லூக்கின்-17 சம்பந்தப்பட்ட மரபணுக்களில் பழுது இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் ஸ்டாட்-1 மரபணுவும் மாட்டியது. அது அளவுக்கு மீறி வேலை செய்றதால அதே இண்டர்லூக்கின்-17 குறைஞ்சுபோகுது.